பழி கேட்வே மேல், பிழை பெயரில்

கேட்வேக்குப் பின்னால் இருக்கும் மெயில் சர்வருக்குப் பெயர் எதற்கு? தோவாளை, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் வட்டாரத்தில் அலுவலகக் கணினி வலைகளைப் பார்த்துக்கொள்ளும் பலரிடம் இதைக் கேட்டால், எதற்கும் இல்லை என்பார்கள். மெயில் திரும்பி வந்தால் அவர்கள் கைவைக்கும் வரிசை மாறுவதே இல்லை. கேட்வே மடக்குகிறது, மெயில் போகும் போர்ட் 25-ஐத் திற. திறந்தும் போகவில்லையா, பிறருக்காக மெயிலைக் கடத்திவிடும் ரிலேயை எல்லோருக்கும் திறந்துவிடு. அதற்கும் மசியவில்லையா, ஜிமெயில்காரன் வேண்டுமென்றே தடுக்கிறான், எல்லாவற்றையும் பெரிய கம்பெனியிடம் கொடுத்துவிடு. "பேரு என்னத்துக்கு அண்ணாச்சி? மெயிலு போனாப் போராதா?" என்று கேட்கும் இளைஞரும், சரிதானே என்று தலையாட்டும் முதலாளியும் இங்கே மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. தவறாக இருப்பதோடு நில்லாமல், கடைப்பிடிப்பவரின் அலுவலகத்தையும் முன்பின் தெரியாத ஊர்க்காரர்களின் அஞ்சல்பெட்டியையும் சேர்த்துக் கெடுக்கிறது.

பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளையில் மெயில் சர்வரைப் பற்றி என்ன கவலை என்று யாராவது கேட்கலாம். பிச்சியும் அரளியும் சம்பங்கியும் விடியுமுன் கைமாறிக் கேரளத்துக்கு வண்டி ஏறும் சந்தையின் பேரம் இன்று செல்பேசியிலும் வாட்ஸப்பிலும்தான் நடக்கிறது. ஆனால் ஜிஎஸ்டி பில்லும் வங்கிக் கடிதமும் வெளிநாட்டு ஆர்டருக்கான ஆவணங்களும் மெயிலில்தான் போகின்றன. பூமாலை வகையான தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வெளியூரிலிருந்து விசாரித்து எழுதுகிறவருக்கு அனுப்பிய பதில் ஸ்பாம் பெட்டியில் விழுந்தால் அந்த ஆர்டர் வேறு ஊருக்குப் போகும். கொஞ்சம் தள்ளி முப்பந்தல் காற்றாலைகள். அவற்றைப் பராமரிக்கும் அலுவலகங்களில் ஓர் எச்சரிக்கை மெயில் வராமல் போனால் அதன் விலை என்ன என்பதை அங்கே வேலை செய்கிறவர்கள் அறிவார்கள். மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளை இதோடு சேர்த்துக்கொண்டால், தனக்கென்று ஒரு சிறு மெயில் சர்வரோ ரிலேயோ வைத்திருக்க வேண்டிய இடங்கள் நினைப்பதைவிட அதிகம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். அதற்கு நான்கு கால்கள். ஒன்று, சர்வரின் முகவரி 192.168 என்று தொடங்கும் உள்முகவரி. அது என்ன பெயர் சொன்னாலும் வெளியே இருப்பவரால் சரிபார்க்க முடியாது. இரண்டு, மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான இன்றைய வரையறையான ஆர்எஃப்சி 5321, சர்வர் சொல்லும் பெயரும் அதன் முகவரியும் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மெயிலை மறுக்கக் கூடாது என்றே சொல்கிறது. மூன்று, கேட்வேயும் இணைய நிறுவனமும் போர்ட் 25-ஐ அடைப்பது கற்பனை இல்லை; அமேசானும் கூகுளும் தங்கள் கிளவுட் கணினிகளிலிருந்து வெளியே போகும் போர்ட் 25-க்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. நான்கு, ரிலேயைத் திறந்தால் மெயில் உடனே போகிறது. கண்ணால் கண்ட சான்று. நான்கிலும் கொஞ்சம் உண்மை உண்டு. நான்கையும் கோத்து எடுக்கும் முடிவுதான் நிற்காது.

1. தடுத்தது யார் என்று லாக் சொல்லும்போது ஊகம் எதற்கு?

மெயில் சர்வர் தன் ஒவ்வொரு முயற்சியையும் எழுதி வைக்கிறது. அந்த வரியில் 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று மட்டும் இருந்தால், மறுமுனையோடு பேச்சே தொடங்கவில்லை. அப்போது கேட்வேயையும் இணைப்பு கொடுத்த நிறுவனத்தையும் சந்தேகிப்பது நியாயம். 450 என்றோ 550 என்றோ 554 என்றோ ஓர் எண்ணும் கூடவே ஒரு வாக்கியமும் இருந்தால் நிலைமை வேறு. அந்த எண்ணைச் சொன்னது பெரும்பாலும் மறுமுனையில் இருக்கும் சர்வர். அது சொல்ல வேண்டுமென்றால், இணைப்பு உள்ளிருந்து கிளம்பி, கேட்வேயைத் தாண்டி, அங்கே போய்ச் சேர்ந்து, பதிலும் அதே வழியில் திரும்பியிருக்க வேண்டும். கேட்வே தன் வேலையை முடித்த பிறகு வந்த மறுப்புக்குக் கேட்வேயைக் குற்றவாளி ஆக்க எந்தத் தர்க்கத்திலும் இடமில்லை.

அந்த வாக்கியங்கள் மூடுமந்திரமும் அல்ல. 'ஹெலோ கமாண்ட் ரிஜெக்டட், ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்' என்றால், சர்வர் தன் பெயரென்று சொன்னதை, பெயரை முகவரியோடு பொருத்தும் டிஎன்எஸ் பதிவேட்டில் தேடினோம், கிடைக்கவில்லை என்று பொருள். முழுப்பெயர் தேவை என்று 504 வந்தால், டொமைன் ஒட்டாத வெறும் பெயரைச் சொல்லியிருக்கிறது, பெரும்பாலும் 'லோக்கல்ஹோஸ்ட்'. ஜிமெயில் 5.7.25 என்றால், அனுப்பும் முகவரிக்கு உரிய பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவு இல்லை, அல்லது அந்தப் பெயர் திரும்ப அதே முகவரிக்குப் போகவில்லை. காரணம் எழுத்தில் வந்து நிற்கிறது. அதைப் படிக்காமல் ஃபயர்வால் பக்கத்தைத் திறப்பவர் பழுதைத் தேடவில்லை, தனக்குத் தெரிந்த இடத்தைத் தேடுகிறார்.

அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகம் ஒன்றில் மெயில் நிர்வாகியாக இருந்த ட்ரே ஹாரிஸ் 2002-இல் எழுதிய நிகழ்ச்சி இதற்குப் பொருத்தம். புள்ளியியல் துறைத் தலைவர் அவரிடம், 500 மைலுக்கு அப்பால் எங்கள் மெயில் போவதில்லை என்று முறையிட்டார். கேட்பவர் யாரும் கம்பியைத்தான் சந்தேகிப்பார்கள். ஹாரிஸ் சோதித்துப் பார்த்தார், புகார் உண்மை. ஆனால் பழுது கம்பியில் இல்லை. இயங்குதளத்தைப் புதுப்பித்த ஒருவர், தெரியாமல் சென்ட்மெயில் என்ற மெயில் மென்பொருளைப் பழைய பதிப்புக்கு இறக்கிவிட்டார். புதிய பதிப்புக்கு எழுதிய அமைப்புக்கோப்பு பழையதற்குப் புரியவில்லை. மறுமுனையின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது. அந்த இயந்திரத்தில் பூஜ்யம் என்பது மூன்று மில்லிவினாடிக்குச் சற்று மேல். ஒளி அந்த நேரத்தில் கடக்கும் தூரம் 500 மைல்களுக்குக் கொஞ்சம் அதிகம். தூரத்தைப் பொறுத்து வந்த பிழைகூட சர்வரின் அமைப்புக்கோப்புக்குள்தான் இருந்தது.

2. பெயர் வெறும் அடையாளச் சீட்டுதான் என்றால், 2018 செப்டம்பர் 24 அன்று ஜோஹோ ஏன் முடங்கியது?

சென்னையில் வளர்ந்து, தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்தும் அந்த நிறுவனத்தின் சர்வர்களுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் இருந்தது, கம்பி இருந்தது, கேட்வே திறந்தே இருந்தது. ஜோஹோ டாட் காம் என்ற பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த டியர்ராநெட் நிறுவனம், ஜோஹோ மெயில் வழியே ஃபிஷிங் நடப்பதாக வந்த புகார்களைக் காட்டி அந்தப் பெயரை முடக்கியது. அவ்வளவுதான். உலகெங்கும் வாடிக்கையாளர்களுக்கு மெயில் உட்பட எல்லாம் எட்டாமல் போனது. நிறுவனத்தின் அன்றைய தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது. பெயர் அலங்காரம் என்பவர்கள் அந்த ஒரு நாளைப் பற்றி என்ன சொல்வார்கள்?

மெயிலில் பெயருக்கு இருக்கும் இடம் நேற்று வந்தது இல்லை. கல்வி நிறுவனங்களைக் கணினி வலையில் இணைக்க 1986-இல் தொடங்கிய எர்னெட் திட்டத்தில் சென்னை ஐஐடியும் மற்ற நான்கு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் பம்பாயின் என்சிஎஸ்டி மென்பொருள் மையமும் இணைந்தபோது, மெயில் போனது தொலைபேசி வழியே கணினிக்குக் கணினி தாவும் யுயுசிபி முறையில். அந்த முறையில், கடந்து போக வேண்டிய ஒவ்வொரு கணினியின் பெயரையும் வரிசையாகக் கோத்ததுதான் முகவரி. ஒரு பெயர் தப்பினால் கடிதம் அங்கேயே நிற்கும். ஒரு டொமைனின் மெயிலை எந்தச் சர்வர் வாங்கும் என்று சொல்ல 1986 ஜனவரியில் வரையறுக்கப்பட்ட எம்எக்ஸ் பதிவு இந்தச் சுமையை அனுப்புபவரிடமிருந்து எடுத்து டிஎன்எஸ்ஸிடம் கொடுத்தது. பெயரின் வேலை போகவில்லை. அதை எழுதி வைக்கும் இடம் மாறியது.

இப்போது ஆர்எஃப்சி 5321-க்கு வருவோம். எதிர்த்தரப்பு காட்டும் விதி உண்மையில் அங்கே இருக்கிறது. ஆனால் அவர்கள் அதற்கு முன்னும் பின்னும் படிப்பதில்லை. சர்வர் தன்னை அறிமுகப்படுத்தும் ஹெலோ வரியில் சொல்லும் பெயர் டிஎன்எஸ்ஸில் ஒரு முகவரிக்குப் போய்ச் சேரும் பெயராக இருக்க வேண்டும், பெயரே இல்லையென்றால் மட்டும் முகவரியைச் சொல்லலாம் என்று அதே ஆவணம் முன்பே கட்டாயமாக்கிவிட்டது. 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதும், நிறுவும்போது தானாக வரும் 'லோக்கல்டொமைன்' என்பதும் பொருந்தாத பெயர்கள் அல்ல, பெயர்களே அல்ல. 192.168.1.10 என்று முகவரியைச் சொன்னாலும் பயனில்லை, அந்த எண் உலகில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் இருக்கிறது. அதோடு, செயல்முறைக் காரணமோ தொழில்நுட்பக் காரணமோ தனக்குச் சரியென்று பட்டால் எந்தச் சர்வரும் மெயிலை ஏற்க மறுக்கலாம் என்ற கொள்கையையும் அதே ஆவணம் பின்பகுதியில் ஒப்புக்கொள்கிறது. ஒரு விதியைக் கிழித்தெடுத்துக் காட்டுவது சட்ட வாதமாகாது.

தோவாளையிலிருந்து வண்டி ஏறும் பூமூட்டையில் அனுப்பிய கடையின் பெயர் இல்லாவிட்டால், இறக்கும் ஊர் வியாபாரி அதைக் கணக்கில் சேர்ப்பாரா? பெயர் எழுதியிருந்தும் அப்படி ஒரு கடையே சந்தையில் இல்லையென்றால் அடுத்த மூட்டையைத் தொடுவாரா? மறுமுனை சர்வர் கேட்பது இதற்கு மேல் எதையும் இல்லை.

இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று. ஒரு டொமைனுக்காக எந்த முகவரிகள் மெயில் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்பிஎஃப் பதிவு. சாதாரண மெயிலில் அது அனுப்புநர் முகவரியின் டொமைனைப் பார்க்கும். 'உங்கள் கடிதம் சேரவில்லை' என்று சர்வர் தானே எழுதும் அறிவிப்புகளில் அனுப்புநர் முகவரி காலி. அங்கே எஸ்பிஎஃப் எதைப் பார்க்கும்? ஹெலோவில் சொன்ன பெயரை. சர்வருக்குப் பெயர் வைக்காதவரின் அறிவிப்புகள் போய்ச் சேராமல் தொலைவதும், கடிதம் எழுதியவர் போய்விட்டதென்று நம்பிக்கொண்டிருப்பதும் இப்படித்தான்.

கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளுக்குப் பிறகு இந்த விவாதத்துக்கே இடம் குறைவு. ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது மெயிலில் டொமைனின் கையொப்பமிடும் டிகிம் வேண்டும். அனுப்பும் முகவரிக்குப் பெயரும், அந்தப் பெயருக்குத் திரும்ப அதே முகவரியும் டிஎன்எஸ்ஸில் இருக்க வேண்டும். நாளுக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் வேண்டும், கூடவே அவை தவறினால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும். மைக்ரோசாஃப்டும் அதே அளவு அனுப்புகிறவர்களுக்கு 2025 மே மாதம் இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது. இவை வேண்டியவர், வேண்டாதவர் பார்த்துப் போட்ட தடைகள் இல்லை. எழுதி வைத்த நிபந்தனைகள். நாகர்கோவில் அலுவலகமும் நியூயார்க் அலுவலகமும் ஒன்றுபோல நிறைவேற்ற வேண்டியவை.

3. உள்முகவரி இருப்பதால் பெயர் வேண்டாம் என்பது தலைகீழ் வாதம்.

கேட்வேக்குப் பின்னால் இருக்கும் சர்வருக்குத் தன் வெளிமுகவரி தெரியாது. உள்ளே அது 192.168.1.10; வெளியே உலகம் அதை 203.0.113.25 என்று அறிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முகவரியால் தன்னை அறிய வழியில்லாத சர்வர் பெயரால் அறிந்தாக வேண்டும். நேரடியாக இணையத்தில் நிற்கும் சர்வரைவிட இதற்குத்தான் பெயர் அதிகம் தேவை.

பில் போடும் கணினி, அதே அலுவலகத்தின் கணக்கருக்கு ஒரு மெயில் அனுப்புகிறது. தன் டொமைன் தன்னுடையது என்று சர்வரின் பட்டியலில் எழுதப்படவில்லை. அது எம்எக்ஸ் பதிவைத் தேடுகிறது, வெளிமுகவரி கிடைக்கிறது, அது தானேதான் என்று தெரியாமல் கேட்வேக்கு அனுப்புகிறது. கேட்வே கடமை தவறாமல் அதை உள்ளே திருப்பிவிடுகிறது. வாசலில் வரவேற்கும் குரல் தன் பெயரையே சொல்வதைக் கேட்டு, 'மெயில் லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்' என்று சர்வரின் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் கடிதத்தைத் திருப்புகிறது. மருந்து இரண்டு வரி: தன் டொமைன்களின் பட்டியலில் அந்த டொமைனைச் சேர்ப்பது, 'ப்ராக்ஸி இன்டர்ஃபேசஸ்' என்ற இடத்தில் வெளிமுகவரியை எழுதி, இதுவும் நீதான் என்று சொல்லிவிடுவது. நடப்பில் செய்வது என்ன? கேட்வேயில் அந்தச் சுற்றை அடைக்கிறார்கள். பிழைச்செய்தி டைம் அவுட்டாக மாறுகிறது. கடிதம் அன்றும் சேரவில்லை.

ஒரே நகலிலிருந்து இரண்டு சர்வர்களை நிறுவி, ஒன்றை ஸ்பாம் வடிகட்டியாகக் கேட்வே ஓரத்திலும் மற்றொன்றை உள்ளேயும் வைத்து, இரண்டுக்கும் பழைய பெயரையே விட்டுவைத்தாலும் இதே செய்திதான் வரும். தனித்தனிப் பெயர் கொடுத்தால் அந்தக் கணமே தீரும் பழுது இது.

இரண்டு பிராட்பேண்ட் இணைப்புகளை ஒரே கேட்வேயில் மாட்டி வைக்கும் அலுவலகங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஒரு ஃபைபர் அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்ற யோசனை சரியானதே. ஆனால் கேட்வே சுமையைப் பங்கிடும்போது காலை மெயில் முதல் இணைப்பிலும் மதிய மெயில் இரண்டாவதிலும் போகும். பிடிஆரும் எஸ்பிஎஃப்பும் முதல் இணைப்பின் முகவரிக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருக்கும். சில மெயில் போகிறது, சில திரும்புகிறது. யாருக்கும் ஒழுங்கு பிடிபடுவதில்லை. கூகுளின் தலையில் பழி. மெயில் சர்வரின் இணைப்புகளை மட்டும் ஒரே வழியில் அனுப்பும்படி கேட்வேயில் ஒரு விதி எழுதலாம், அல்லது இரண்டு முகவரிகளுக்கும் பெயரும் அனுமதியும் எழுதலாம். போர்ட்டைத் திறந்தோ மூடியோ இது ஒருநாளும் தீராது.

4. ரிலேயைத் திறந்தவுடன் மெயில் போகிறது, ஆகவே ரிலேதான் தடை. இந்த 'ஆகவே' எவ்வளவு விலை கேட்கும்?

முன்னொரு காலத்தில் எல்லாச் சர்வர்களும் எல்லோருடைய கடிதத்தையும் கடத்திவிட்டன. சென்ட்மெயில் 8.9 பதிப்பு 1998-இல் அந்த வழக்கத்தை நிறுத்தியது. தானாகத் திறந்திருந்த ரிலே, கேட்டால் மட்டும் திறப்பதாக மாறியது. கண்ட கணினியெல்லாம் கண்ட சர்வர் வழியே குப்பையை லட்சக்கணக்கில் அனுப்பத் தொடங்கியதுதான் காரணம். அதே ஆண்டில்தான் ஸ்பாம் அனுப்புகிறவர்களைத் தடைப்பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பை ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில், தன் ஆட்களிடமிருந்து மெயில் வாங்குவதற்கென்றே போர்ட் 587 தனியாக வரையறுக்கப்பட்டது. உலகம் 1998-இல் மூடிய வாசலை இன்று அவசரத்துக்குத் திறப்பவர், அது ஏன் மூடப்பட்டது என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

'ரிலே ஆக்சஸ் டினைட்' என்ற செய்தி இரண்டு நேரெதிர் நிலைமைகளில் வரும். வெளியிலிருந்து தன் அலுவலகத்துக்கு வரும் கடிதத்துக்குத் தன் சர்வரே இதைச் சொன்னால், தன் டொமைன் தனது என்று அதற்குத் தெரியவில்லை. உள்ளிருந்து வெளியே போகும் கடிதத்துக்குச் சொன்னால், அனுப்பும் கணினி தன் ஆள் என்று தெரியவில்லை. முதலாவதற்கு டொமைன் பட்டியல். இரண்டாவதற்கு உள்வலையின் முகவரி, அல்லது பயனர்பெயரும் கடவுச்சொல்லும். யார் நம்மவர், எது நம் ஊர் என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில், எல்லோரும் நம்மவர் என்று எழுதினால் செய்தி மறையும். நம்மவர் அல்லாதவர் அன்றிரவே வந்து சேர்வார்கள்.

கேட்வேக்குப் பின்னால் இதைவிடக் கொடிய வடிவம் ஒன்று இருக்கிறது. அதில் ரிலேயை யாரும் திறப்பதில்லை. அது தானாகத் திறந்து கிடக்கிறது. வெளியிலிருந்து போர்ட் 25-க்கு வரும் இணைப்பை உள்ளே சர்வருக்குத் திருப்பும்போது, சில கேட்வேக்களின் அமைப்பில் வந்தவரின் முகவரியும் மாற்றப்படுகிறது. சர்வர் பார்ப்பது கேட்வேயின் உள்முகவரியான 192.168.1.1-ஐ மட்டும். அது உள்வலை, உள்வலையில் இருப்பவருக்கு ரிலே அனுமதி. ஆக, உலகில் யார் கதவைத் தட்டினாலும் அடுத்த அறையிலிருந்து வந்தவராகவே தெரிவார். சர்வரின் அமைப்புக்கோப்பை எத்தனை முறை படித்தாலும் அதில் குற்றம் இருக்காது. லாகில் மட்டும் ஒரே ஒரு முகவரியிலிருந்து ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்திருக்கும். வந்தவரின் உண்மை முகவரி தெரியாததால் எஸ்பிஎஃப் சோதனையும் தடைப்பட்டியல் சோதனையும் அர்த்தமிழக்கின்றன. கேட்வேயில் உள்வரும் இணைப்புக்கு வந்தவரின் முகவரியை மாற்றாமல் விட வேண்டும். அது முடியாவிட்டால் அனுமதிப் பட்டியலில் முழு உள்வலையையும் எழுதாமல், அனுப்ப வேண்டிய கணினிகளை மட்டும் ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

திறந்த ரிலேயின் விளைவு அடுத்த கட்டத்தில் வரும். முகவரி தடைப்பட்டியல்களில் ஏறுகிறது. அதன்பின் ஜிமெயில் உண்மையாகவே மறுக்கிறது. அப்போது, நான் அன்றே சொன்னேனே, அவர்கள் வேண்டுமென்றே தடுக்கிறார்கள் என்று அதே ஆலோசகர் நிரூபித்துக்காட்டுவார். தன் செயலால் உண்டான விளைவையே தன் கருத்துக்குச் சான்றாக்கும் வாதம் இது. இதற்கிடையே அந்தச் சர்வர் வழியே யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கைக் குறிவைத்து ஃபிஷிங் கடிதம் போயிருக்கும். அந்தக் கடிதத்தின் தலைப்பு வரிகளில் இருப்பது தோவாளையின் முகவரி.

5. அப்படியானால் கேட்வேயில் குற்றமே இராதா?

இருக்கும். மறுப்பு எழுதுகிறவர் இதை மறைத்தால் அவரும் அதே தவறைச் செய்கிறார். சிஸ்கோவின் பிக்ஸ் ஃபயர்வால்களில் மெயிலைக் காக்கவென்று ஒரு வசதி இருந்தது. அது பழைய வரையறையின் ஏழு கட்டளைகளை மட்டும் அனுமதித்து மற்றவற்றை அழித்தது. உள்ளே இருக்கும் சர்வரின் வரவேற்பு வரியை நட்சத்திரக் குறிகளால் மூடியது. சர்வர் தன் பெயரைச் சரியாகச் சொல்ல, வெளியே இருப்பவருக்குக் கேட்டது வெறும் நட்சத்திரங்கள். கடவுச்சொல் கேட்கும் வசதியும் மறையாக்கமும் அதனால் கெட்டன. உலகெங்கும் நிர்வாகிகள் பல ஆண்டுகள் இதனால் அவதிப்பட்டார்கள். மெயிலை நடுவில் நின்று சோதிக்கும் இன்றைய கேட்வேக்கள் சிலவும் தாங்களே பதில் எண் சொல்லக்கூடியவை.

கண்டுபிடிக்கும் முறை எளியது. வெளியே வேறொரு இணைப்பிலிருந்து, செல்பேசி இணையமாக இருந்தாலும் சரி, ஆன்லைன் சோதனைக் கருவியாக இருந்தாலும் சரி, சர்வரின் போர்ட் 25-ஐத் தொட்டு வரவேற்பு வரியைப் படிக்க வேண்டும். உள்ளேயிருந்தும் படிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த வரியில் கேட்வே கைவைக்கவில்லை. வேறாக இருந்தால் கைவைக்கிறது. கேட்வேயைக் குற்றம் சாட்டச் சான்று வேண்டும், அந்தச் சான்று சில நிமிடங்களில் கிடைக்கும் என்பதே இங்கே சொல்லப்படுவது.

6. பெரிய கம்பெனியிடம் கொடுத்தால் தொல்லை தீருமா?

அஞ்சல்பெட்டிகளைக் கூகுளிடமோ ஜோஹோவிடமோ கொடுப்பது பல சிறு அலுவலகங்களுக்கு நல்ல முடிவு. அதில் தகராறு இல்லை. ஆனால் ஸ்கேனரும் கேமராவும் பில் மென்பொருளும் அலுவலகத்திலேயே இருக்கின்றன. வெறும் கடவுச்சொல்லை மட்டும் வைத்து உள்நுழையும் பழைய செயலிகளுக்கான வழியைக் கூகுள் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30-இல் மூடியது. அதை நம்பியிருந்த பழைய கருவிகள் ஊமையாயின. அவற்றுக்கு அலுவலகத்துக்குள் ஒரு ரிலே வைத்து, அது பெரிய நிறுவனத்தின் சர்வருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு வழி. அந்த ரிலேயும் ஹெலோ சொல்ல வேண்டும். 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தன்னை அறிமுகப்படுத்தினால் கூகுளின் ரிலே சேவை 'பிறகு முயல்க' என்று இணைப்பைத் துண்டிக்கும். பெயர்ப் பிரச்சினையிலிருந்து ஓடியவர் அதே பிரச்சினையை வேறொரு வாசலில் சந்திக்கிறார். டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில் புதிய நிறுவனத்தைச் சேர்ப்பதும், பழைய பிராட்பேண்ட் முகவரியை நீக்குவதும், டிகிம் சாவியை டிஎன்எஸ்ஸில் ஏற்றுவதும் டொமைன் உரிமையாளரின் வேலையாகவே இருக்கின்றன. பணம் கட்டினாலும் அந்த நிறுவனம் தானாக அதைச் செய்துவிட முடியாது, ஏனெனில் பெயர் அதனுடையது அல்ல.

சர்வரைச் சொந்தமாக வைக்கிறவர் இணைப்பு வாங்கும்போதே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பிடிஆர் பதிவு, டொமைன் வாங்கிய இடத்தில் எழுதக்கூடியது அல்ல. முகவரி யாருடையதோ அவரிடம்தான் அதன் தலைகீழ்ப் பதிவு இருக்கும். அதாவது இணைப்பு தரும் நிறுவனத்திடம். நிலையான முகவரி தருவீர்களா, அதற்கு நாங்கள் சொல்லும் பெயரைப் பிடிஆரில் எழுதுவீர்களா, நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத முகவரிகளைக் கொண்ட ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில் அந்த முகவரி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. பல சந்தாதாரர்கள் ஒரே வெளிமுகவரியைப் பகிரும் வீட்டு இணைப்பில் மெயில் சர்வரை வைத்துவிட்டுக் கேட்வேயோடு மல்லுக்கட்டுவது வீண். அங்கே பெயரை எழுதவே இடமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 587 வழியே வேறொரு சர்வரிடம் கடவுச்சொல் சொல்லி ஒப்படைப்பது மட்டுமே நேர்மையான தீர்வு.

லாகைக் காப்பது அரசின் கட்டளையும்கூட. இந்திய நிறுவனங்கள் தங்கள் கணினி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் போன்ற நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவிட்டது. உள்ளே வரும் எல்லா இணைப்பையும் கேட்வேயின் முகவரியாக மாற்றும் அமைப்பில் அந்த 180 நாள் லாகிலும் இருக்கப்போவது 192.168.1.1 மட்டுமே. ஃபிஷிங் கடிதம் தோவாளை அலுவலகத்தின் சர்வர் வழியே போனது ஏன் என்று ஓர் அதிகாரி கேட்கும்போது, அனுப்பியவர் யார் என்று காட்ட அந்த அலுவலகத்திடம் வேறொரு வரியும் இருக்காது.